மொக்கா தோட்டத்தில் கோப்பி இல்லை

மஸ்கெலியாவில் மொக்கா என்று ஒரு தோட்டம் இருக்கிறது. மொக்கா என்பது யேமன் நாட்டின் செங்கடல் துறைமுகம். ஒரு காலத்தில் உலகத்துக்கே கோப்பி போன இடம். இன்றைக்கு மொக்கா தோட்டத்தில் பறிப்பது தேயிலைக் கொழுந்து. கோப்பி பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கு.

இந்தக் கட்டுரை பங்குச் சந்தையைப் பற்றியது. கொஞ்ச நாளாகவே எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி வீடியோக்கள் சுற்றுகின்றன. ஏஐ கம்பனிப் பங்குகள் அஞ்சு வருஷத்தில் பத்து மடங்காகும், இந்த மூணு சிப் கம்பனியில் காசு போட்டா அதற்குப் பிறகு வேலைக்கே போகத் தேவையில்லை, இப்ப வாங்காதவன் காலம் பூரா வருத்தப்படுவான். கோட் போட்ட ஒருத்தர் பேசுகிறார், அவருக்குப் பின்னால் பச்சைக் கோடு ஒன்று மேலே ஏறிக்கொண்டே போகிறது. கொழும்பில் கடையிலும் கார்மென்ட்சிலும் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "போட்டுப் பாக்கலாமா மச்சான்?" என்று கேட்கிறார்கள்.

அந்தப் பங்குகள் ஏறுமா இறங்குமா என்று சொல்வது எங்கள் வேலை கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும். இதே மாதிரியான பேச்சை நம்பி வெட்டப்பட்ட காட்டில்தான் நாம குடியிருக்கோம். மஸ்கெலியா உருவான கதையே அதுதான். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம்.

1830களில் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. ஜமேக்காவின் கோப்பித் தோட்டங்கள் ஆள் இல்லாமல் சரிந்தன. 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் சுங்க வரியைச் சமமாக்கியது. இங்கிலாந்தில் கோப்பி குடிக்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். 1837இல் ரொபர்ட் பொய்ட் டைட்லர் என்பவர் ஜமேக்காவில் பழகிய சாகுபடி முறையை இங்கே கொண்டு வந்தார். அந்தக் காலத்துப் புதுத் தொழில்நுட்பம் என்றால் அதுதான். ஆக, கோப்பிக்கு எதிர்காலம் உண்டு என்று சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் காட்டிய காரணங்கள் எல்லாமே உண்மையான காரணங்கள்.

பிறகு என்ன நடந்தது என்பதை, 1845இல் இங்கே குடியேற்றச் செயலாளராக வந்த எமர்சன் டெனன்ட் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஆளுநர், இராணுவ அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார், சிவில் சேவைக்காரர்களில் பாதிப்பேர் என்று எல்லாரும் மலைக்கு ஏறிக் காணி வாங்கினார்கள். இந்தியாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தர்கள் சேமிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நாட்டின் சட்டம், பாதுகாப்பு, ஆன்மிகம் மூன்றையும் கவனிக்க வேண்டிய ஆட்கள் மூன்றையும் விட்டுவிட்டுக் கோப்பி நட்டார்கள் என்று வையுங்க. செலவுக்குக் கணக்கே இல்லை, செலவழித்தவர்களுக்கு விவசாய அனுபவமும் இல்லை. 1845இல் வெறி உச்சத்துக்குப் போனது. 1847இல் பிரித்தானியாவில் நிதி நெருக்கடி வந்தது. போட்டியான பிற நாட்டுக் கோப்பிக்கு இருந்த வரியும் அதற்கு முன்பே குறைக்கப்பட்டிருந்தது. போட்ட பணத்தில் ஒரு சிறு பகுதிக்குத் தோட்டங்கள் கைமாறின.

நஷ்டப்பட்ட வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். காலியான கஜானாவை நிரப்ப ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு என்று கிராமத்துச் சனங்கள் தலையில் ஏற்றினார். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை எல்லாரும் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். புரன் அப்பு சுடப்பட்ட கதைக்குப் பின்னால் ஒரு கோப்பிக் குமிழி வெடித்ததை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1847க்குப் பிறகு "கோப்பி முடிஞ்சது" என்று உறுதியாகச் சொன்னவர்களும் தோற்றுத்தான் போனார்கள். 1850களில் கோப்பி எழுந்தது, 1860களில் ஓடியது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததே கோப்பி மூட்டைகளை இறக்கத்தான். எல்லாம் விழும், விழும் என்று சொல்லிக்கொண்டே இருப்பவரும் ஒரு ஜோசியக்காரர்தான். அவர் கையில் இருப்பது சிவப்புக் கோடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

1869 மே மாதம் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் தூள் மாதிரி ஒன்று தெரிந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண நிபுணரான பேர்க்லி பாதிரியார் அதே வருஷம் நவம்பரில் அதை விவரித்து எழுதினார். புதுப் பூஞ்சணம். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வஸ்டாட்ரிக்ஸ் என்றால் லத்தீனில் நாசம் பண்ணுகிறவள். எச்சரிக்கையைப் பெயரிலேயே எழுதி வைத்தாயிற்று.

துரைமார் யாரும் பதறவில்லை. அவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. 1840களிலிருந்து கோப்பிப் பூச்சி என்று ஒன்று வந்து எல்லாரையும் ஆட்டி வைத்துவிட்டுப் போயிருந்தது. அதுவும் தோட்டங்களை அழிக்கும் என்றுதான் பயந்தார்கள், அழிக்கவில்லை. அது போன மாதிரி இதுவும் போகும் என்று நினைத்தார்கள். மழை கூடிப் போச்சு, உரம் பத்தல, வெயில் வந்தா சரியாகும் என்று ஆளுக்கொரு காரணம். அனுபவத்தை வைத்துப் பேசுகிறவர்கள் எப்போதும் போன தடவை நடந்ததைத்தான் பேசுவார்கள்.

ஆனால் ஆளை உண்மையிலேயே ஏமாற்றியது பூஞ்சணம் கிடையாது, விலைதான். 1870களின் தொடக்கத்தில் சில வருஷத்துக்குள் கோப்பி விலை 50 வீதத்துக்கு மேல் ஏறியது. உலகத்தில் தேவை கூடியது, வரத்து பத்தவில்லை. மரத்துக்கு மரம் விளைச்சல் குறைந்தாலும் கையில் வருகிற பணம் குறையவில்லை. வருத்தம் பிடித்த ஆளுக்குச் சம்பள உயர்வு கிடைத்த மாதிரி. காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த ஏறிய விலைதான் மஸ்கெலியாவைத் திறந்தது. திம்புள்ளையிலிருந்து டிக்கோயா, மஸ்கெலியா வரை, சிவனொளிபாத மலையைச் சுற்றிக் கிடந்த பெருங்காட்டை ஆங்கிலேயர்கள் 'சிகரத்து வனாந்தரம்' என்று அழைத்தார்கள். உயரமும் குளிரும் மழையுமாக இருந்ததால் அதுவரை பெரிய அளவில் கைவைக்காத காடு அது. கோப்பி விலை ஏறியதும் துண்டு துண்டாக ஏலத்தில் போனது. புது மண், கன்னி நிலம், இங்கே மரம் பலமாக வளரும், நோய் தாக்காது என்ற நம்பிக்கையில் கோடாரி விழுந்தது. திரும்பப் படித்துப் பாருங்க: நோய் கண்டுபிடித்து, பெயர் வைத்து, அச்சில் போட்ட *பிறகுதான்* நம்ம காடு வெட்டப்பட்டது.

விவரம் தெரியாமல் வெட்டவில்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கொழும்பில் ஃபேர்கசன் குடும்பத்தார் ஒப்சர்வர் பத்திரிகையும் தோட்டங்களின் விவரக்கொத்தும் அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த மாவட்டத்தில் எத்தனை ஏக்கர், எத்தனை அந்தர் அறுவடை என்பதெல்லாம் காசு கொடுத்து வாங்கிப் படிக்கக் கூடியதாக இருந்தது. அந்தக் கணக்கு சொல்வது இதுதான். 1870இல் ஏற்றுமதி 10 லட்சம் அந்தரைத் தாண்டியது. 1878இல் கோப்பி நிலம் 2 லட்சத்து 75 ஆயிரம் ஏக்கர். நோய் வந்த பிறகு மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இத்தனை புது நிலம் காய்த்தும் ஏற்றுமதி கூடவில்லை. ஒரு லட்சம் ஏக்கரை நட்டு, நின்ற இடத்திலேயே நின்றார்கள். வகுத்துப் பார்க்கத் தெரிந்த யாருக்கும் ஏக்கருக்கு எவ்வளவு என்ற எண் பயம் காட்டியிருக்கும். மொத்தத்தையும் விலையையும் மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

நிபுணர்கள் என்று எல்லாரையும் ஒரே கூடையில் போட முடியாது. துவைட்ஸ் நம்பிக்கையான வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே அவரைத் தோட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு பேராதனையின் உதவிப் பணிப்பாளர் மொரிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் தூவினால் கட்டுப்படும் என்றார். கந்தகம் விற்பனையானது. 1880இல் மார்ஷல் வார்ட் என்று இங்கிலாந்திலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 25 வயசு, இதைப் படிக்கிற பலரின் வயசுதான். இரண்டு வருஷம் தோட்டம் தோட்டமாக அலைந்து, கண்ணாடித் துண்டுகளில் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்து, அவை ஈர இலையில் முளைத்து இலைத் துளை வழியாக உள்ளே போவதைப் பார்த்தார். உள்ளே போன பிறகு மேலே எதைத் தூவினாலும் அது எட்டாது. இடையில் காடோ காற்றுத் தடுப்போ இல்லாமல் மலை மலையாக ஒரே செடியை நட்டதுதான் பூஞ்சணத்துக்கு வீதி போட்டுக் கொடுத்திருக்கிறது என்று அறிக்கை எழுதினார். அவர் சொன்னது சரி. ஆனால் மருந்து என்று எதையும் கொடுக்க முடியவில்லை. வந்தவன் வைத்தியன் என்று நினைத்தவர்களுக்கு அவர் கொடுத்தது மரணச் சான்றிதழ். ஏமாற்றத்தோடுதான் அனுப்பி வைத்தார்கள்.

எங்களுக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் வார்ட். கேட்க இனிப்பாக ஒன்று சொல்லிப் பெயர் எடுத்திருக்கலாம். பண்ணவில்லை.

1880களின் முடிவில் கோப்பி ஏற்றுமதி பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. செத்த மரங்களின் தண்டுகளைப் பட்டை உரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவை மேசைக் கால்களாயின. தேநீர் மேசைக்குக் கால்கள்! நாங்க சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் படித்த வரி அது. 1884இல் ஓரியன்டல் வங்கி திவாலானது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த வங்கியின் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்துத்தான் நாட்டைப் பிடித்து நிறுத்தினார். கோப்பி ஏற்றுவதற்காகத் திட்டமிட்ட ரயில் ஹட்டனுக்கு வந்து சேர்ந்ததும் அதே 1884இல்தான். ஏற்றுவதற்குக் கோப்பி இல்லை.

இனி நம்ம சனத்துக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். அறுவடை முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள், போகாமல் வழியிலேயே செத்தவர்களும் கணக்கில்லாமல் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். 1877இல் வந்து இறங்கிய கூட்டம் அதுவரை இல்லாத கூட்டம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. நோய் வந்து எட்டு வருஷம். விளைச்சல் விழுந்துகொண்டிருக்கு. விலை மட்டும் தாங்கிப் பிடிக்கிற தொழில். பட்டினியில் இருந்து தப்பிக்க அந்தத் தொழிலை நம்பி நடந்து வந்திருக்கிறார்கள். யார் அவர்களிடம் ஏக்கருக்கு எத்தனை அந்தர் என்று சொல்லியிருப்பார்கள்?

நமக்குச் சொல்லப்பட்ட முன்கணிப்பு வேறு. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் சொல்லிக் கூட்டி வந்ததாக லயத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். இது தேயிலைக் காலத்துப் பேச்சு. கோப்பிக் காலத்துக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கும் என்பது எங்கள் ஊகம். ஆளுநரும் நீதிபதியும் கோப்பியில் கோடிகளைத் தேடினார்கள், நம்ம ஆட்கள் தூரில் மாசித் துண்டைத் தேடினார்கள். இரண்டு பேருக்கும் சொன்னவன் இன்னொருவன். சொன்னவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு.

கோப்பி விழுந்தபோது முதலில் நின்றது கூலி. பல தோட்டங்களில் மாதக் கணக்கில் பாக்கி. துரை கையை விரித்துவிட்டுக் கப்பல் ஏறிவிடலாம், கங்காணியிடம் கடன்பட்டவனால் எங்கும் போக முடியாது. அந்தக் கடன் எழுதிய தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். இன்னொரு தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆள் இடம் மாறலாம். பங்குப் பத்திரம் மாதிரி மனுஷனின் கடன் பத்திரமும் கைமாறிய மலை இது. துண்டு முறை ஒழிய 1921 ஆனது.

கோப்பி சாகும்போதே அடுத்த அதிசயப் பயிர் ஒன்று தயாராக இருந்தது. சிங்கோனா. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்குக் கொயினா எடுத்தார்கள். 1861இல் ஹக்கலையில் அரசு அதை நட்டபோது தோட்டக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 1870களின் இறுதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். கொயினா அவுன்ஸ் 12 ஷில்லிங்! உலகத்தில் பாதிக்கு மலேரியா! விலை எப்படி விழும்? 1883இல் 64 ஆயிரம் ஏக்கர். ஒவ்வொருவரும் இன்றைய விலையை நாளைய அறுவடையால் பெருக்கினார்கள். பக்கத்துத் தோட்டத்துத் துரையும் இதே பெருக்கல் கணக்கைப் போட்டு இதே மரத்தைத்தான் நடுகிறார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஜாவாவில் டச்சுக்காரர்கள் கொயினா அதிகமாக உள்ள வேறு ரகத்தை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சில வருஷத்துக்குள் அவுன்ஸ் 2 ஷில்லிங்குக்கும் கீழே. மரங்களைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள்.

மலேரியா ஒழியவில்லை, கொயினாவின் தேவையும் குறையவில்லை. மருந்தைப் பற்றிய கணிப்பு சரி, மருந்தில் காசு பார்ப்பதைப் பற்றிய கணிப்பு பிழை. இந்த இரண்டும் வெவ்வேறு விஷயம் என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் தெளிவாகும். இதைப் பிடித்துக்கொண்டு 1870களிலிருந்து நேராக 2000க்குப் போவோம், அமெரிக்காவுக்கும் சென்னைக்கும்.

டொட்கொம் காலம். இன்டர்நெட் உலகத்தை மாற்றும் என்றார்கள், மாற்றியது. நீங்கள் இதைப் படிப்பதே அதில்தான். ஆனால் 1999இல் கிளாஸ்மன், ஹாசெட் என்ற இரண்டு பேர், அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள் 36,000ஐத் தொடும் என்று புத்தகமே எழுதினார்கள். அது தொட்டது 2021இல். ஜிம் கிரேமர் என்ற பிரபல சந்தைப் பேச்சாளர் 2000 பெப்ரவரி 29 அன்று புதிய உலகத்தின் வெற்றியாளர்கள் என்று பத்துப் பங்குகளைப் பெயர் சொல்லி அறிவித்தார். பத்தே நாளில், மார்ச் 10 அன்று, தொழில்நுட்பப் பங்குகளின் நாஸ்டாக் சுட்டெண் 5,048இல் உச்சம் தொட்டது. 2002 ஒக்டோபரில் அது 1,114. கிரேமரின் பத்தில் பல கம்பனிகள் இன்று பெயரளவில்கூட இல்லை. அவர் 2005இலிருந்து தொலைக்காட்சியில் தினமும் பங்கு சொல்கிறார். ஹென்றி புளொட்ஜெட் கதை இன்னும் மோசம். வெளியே வாங்கச் சொன்ன பங்குகளை உள்ளே மின்னஞ்சலில் கேவலமாக எழுதினார் என்று குற்றம் சாட்டப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2003இல் பங்குத் தொழிலிலிருந்து வாழ்நாள் தடையை ஏற்றுக்கொண்டார். சிஸ்கோவைப் பாருங்க. இன்டர்நெட்டுக்கு வேண்டிய கருவிகளைச் செய்கிற கம்பனி. மோசடி இல்லை, நஷ்டத்தில் ஓடவில்லை, 2000 மார்ச்சில் உலகத்திலேயே மதிப்புக் கூடிய கம்பனியாக இருந்தது. அந்த உச்ச விலையை அது திரும்பப் பார்க்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது.

சென்னையில் பெண்டாமீடியா, டி.எஸ்.க்யூ. சொஃப்ட்வெயார், எஸ்.எஸ்.ஐ. என்று அந்தக் காலத்து நட்சத்திரங்கள். பெண்டாமீடியா கணினியில் அசைவூட்டப் படங்களே எடுத்தது. வேலை செய்தவர்கள் உண்மை, படங்கள் உண்மை. பங்கு விலை 2,000 ரூபாயைத் தாண்டிப் போனபோது, தமிழ்ப் பையன்கள் ஹொலிவூட்டைப் பிடிக்கிறார்கள் என்று பெருமைப்பட்டவர்கள் நிறைய. மும்பைத் தரகர் கேத்தன் பரேக் இந்த மாதிரிப் பத்துப் பங்குகளை வங்கிப் பணத்தை வைத்து ஏற்றிக்கொண்டிருந்தது பிறகுதான் வெளிவந்தது. 2001 மார்ச் 30இல் கைதானார். பிறகு இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அவருக்கு 14 வருஷம் தடை போட்டது. பெண்டாமீடியா விலை சில ரூபாய்க்கு வந்தது. அந்த இடைப்பட்ட மாதங்களில் பத்திரிகையில் இலக்கு விலை எழுதிக்கொண்டிருந்த நிபுணர்கள் யாருக்கும் அவர்கள் எழுதியதற்காக ஒரு ரூபாயும் குறையவில்லை.

அமெரிக்க உளவியலாளர் பிலிப் டெட்லொக் இதையே உட்கார்ந்து எண்ணினார். 284 நிபுணர்கள், 20 வருஷம், 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்புகள். அரசியலும் பொருளாதாரமும்தான் பொருள். 2005இல் புத்தகமாக வந்தது. ஒரே பெரிய கொள்கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் உறுதியாக விளக்குகிறவர்கள் மோசமாகப் பிழைத்தார்கள். ஊடகங்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது அந்த மாதிரி ஆட்களைத்தான். 'இருக்கலாம், ஆனால்...' என்று இழுக்கிறவரை யார் டீவியில் கூப்பிடுவார்? வார்ட்டை நினைத்துக்கொண்டோம்.

சரி, "இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, நமக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்காகக் கொழும்புக்கு வருவோம். கொழும்பில் பங்கு வியாபாரம் தொடங்கியது 1896இல், கொழும்புப் பங்குத் தரகர் சங்கத்தோடு. அவர்கள் விற்றது என்ன? தோட்டக் கம்பனிகளின் பங்குகளை. இந்த நாட்டின் பங்குச் சந்தை பிறந்ததே மலையில் காடு வெட்டி நடுவதற்குக் காசு திரட்டத்தான். 1992இல் அரசு தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகளாகப் பிரித்தபோது மஸ்கெலியா பிளான்டேஷன்ஸ் என்றே ஒரு கம்பனி வந்தது, அதன் பெயர் இன்று கொழும்புப் பட்டியலில் இருக்கிறது. நாம சந்தைக்குள்ளே போகவில்லை. சந்தைதான் நம்ம ஊருக்குப் பெயர்ப் பலகை எழுதியது.

2020இல் போனிலேயே கணக்குத் திறக்கும் வசதி வந்தது. கொவிட் முடக்கத்தில் வீட்டில் இருந்த இளைஞர்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 2022 ஜனவரியில் கொழும்புச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. பேஸ்புக் குழுக்களில் 15,000, 20,000 என்று எண்கள் பறந்தன. அந்தக் கிழமைகளில் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசை நின்றது. டொலர் கையிருப்பு எவ்வளவு என்று மத்திய வங்கியே மாதா மாதம் வெளியிட்டது. ஃபேர்கசன் விவரக்கொத்து மாதிரியே, எல்லாம் அச்சில் இருந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. 18 முதல் 22 வரை சந்தையையே பூட்டி வைத்தார்கள். நாலைந்து மாசத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது.

இன்னொன்றும் உண்டு. நம்ம அம்மாமாரின் சம்பளத்திலிருந்து மாதம் தவறாமல் வெட்டுகிற ஊழியர் சேமலாப நிதி, மத்திய வங்கியின் கையில்தான் இருக்கிறது. 2010ஐ ஒட்டிய வருஷங்களில் அந்தப் பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போனது. செயற்கையாக விலை ஏற்றிய பங்குகளை நிதியின் தலையில் கட்டினார்கள் என்று பாராளுமன்றத்திலேயே குற்றச்சாட்டு எழுந்தது. கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிற ஒரு பெண், பங்கு என்ற சொல்லையே கேட்டிராமல், யாரோ ஒரு நிபுணரின் உறுதியான பேச்சுக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

ஆகையால் குழுவில் வீடியோ வந்தால் இப்போது நாங்கள் இரண்டு கேள்வி கேட்கிறோம். இவர் போன தடவை சொன்னது எது, அது என்ன ஆனது? இவர் காட்டுகிற எண் மொத்தமா, ஏக்கருக்கு எவ்வளவு என்பதா? அதாவது கம்பனி செலவழிக்கிற ஒவ்வொரு டொலருக்கும் திரும்பி வருவது எவ்வளவு என்று சொல்கிறாரா, விலை ஏறுது ஏறுது என்று மட்டும் காட்டுகிறாரா? பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே குழு அமைதியாகிவிடும். மச்சான்மார் எங்களைக் 'கந்தகம்' என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். நாங்க மொரிஸ் கட்சி இல்லை, வார்ட் கட்சி என்று விளக்கிப் பார்த்தோம், எடுபடவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதும்போது தேயிலையைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்டது 19 ஏக்கர். 1873இல் லண்டனுக்கு அனுப்பியது 23 இறாத்தல். இருபது சொச்ச வருஷத்துக்குள் தீவில் 3 லட்சம் ஏக்கர் ஆகும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கோப்பி நிபுணர்கள் சிரித்திருப்பார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுவோம்.

அதற்கு முன் ஒரு உதவி வேண்டும். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வத்தும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிவது மாதிரி, சில தோட்டங்களில் பீலிக்கரை ஓரமாகவோ லயத்துக்குப் பின்னாலோ பழைய கோப்பி மரம் ஒன்றிரண்டு நிற்கும். பார்த்தால் படம் எடுத்து அனுப்புங்க. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், தங்கள் தாத்தா பாட்டியை என்ன சொல்லிக் கூட்டி வந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்க. தேங்காய், மாசி தவிர வேறு என்னென்ன சொன்னார்கள் என்று சேர்த்துக்கொண்டிருக்கோம்.